சேராத சேதி

போன வாரம் லோஷினியை மடிக்கணினிக்கு முன்னால், தலையில் கைவைத்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம். கை இன்னும் இறங்கவில்லை. அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மழையும் வந்துவிட்டது. ஜொகூரில் இந்தத் தெப்ராவ் முழுக்கத் துணி காயாமல் கிடக்கிறது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிடுகிறேன். பெரிய வீடு அல்ல, சீக்கிரம் முடிந்துவிடும்.

முன்பக்க அறையில் அப்பா லெட்சுமணன். பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தொழிற்சாலைப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பின்னால், ஜிங்க் தகரக் கூரை போட்டு நீட்டிய அடுப்படியில் அம்மா பிரேமலா. லாரி கம்பெனி ஒன்றில் வருடக்கணக்காக போன் எடுத்தவள். நடுவில், கூடத்துச் சாப்பாட்டு மேசையில் மகள் லோஷினி. அண்ணன் ரூபேந்திரன் சிங்கப்பூரில் இருக்கிறான். இந்த வாரம் அவன் நமக்கு வேண்டாம்.

அப்பாவும் மகளும் பேசி எட்டு மாதம் ஆகிறது.

அண்ணனின் பரிசத்தன்று, சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னிலையில், “சிங்கப்பூர்ல நல்ல வேலையில இருந்தவ. இப்ப அதை விட்டுட்டு ஆத்துத் தண்ணிய அளந்துகிட்டு கெடக்கா” என்றார் அப்பா. சிரிப்பதற்காகச் சொன்னதுதான். எல்லோரும் சிரித்தார்கள். லோஷினி சிரிக்கவில்லை. “தோட்டத்துக் கிராணி விசில் ஊதினா ஓடியே பழகினவருக்கு வேற என்ன தெரியும்?” என்றாள். அதோடு சிரிப்பு நின்றது. பேச்சும் நின்றது.

அன்றிலிருந்து அம்மாதான் நடுவில். இன்று காலை நடந்ததையே பாருங்கள்.

“அந்த வெட்டி வேலைய மூட்டை கட்டிட்டு மேசைய காலி பண்ணச் சொல்லு அவள.” இது அப்பா, அறைக்குள்ளிருந்து.

அம்மா பத்து எட்டு நடந்தாள். “அப்பா கேட்டாரு, மேசை எப்பம்மா காலியாகும்?”

“அவருக்கு வேற வேலையே இல்லையான்னு கேளுங்கம்மா.”

அம்மா பத்து எட்டு திரும்பி நடந்தாள். “இன்னும் கொஞ்ச நேரமாம்ங்க.”

இப்படித்தான் ஓடுகிறது குடும்பம். போகிற வழியில் முள்ளையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் அம்மா கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அதற்கு ஒருவரும் நன்றி சொன்னதில்லை.

அந்த ‘வெட்டி வேலை’க்குப் பெயர் கரைமணி. ஜொகூர் ஆறுகளின் ஓரத்தில் இருப்பவர்கள் தண்ணீர் மட்டத்தைப் படமெடுத்து அனுப்புவார்கள். ஆபத்தென்றால் அந்தப் பக்கத்துக் கைப்பேசிகளிலெல்லாம் மணி அடிக்கும். செயலி இலவசம். அதன் நிரல் திறந்தே கிடக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். செய்கிறவர்கள் எல்லோரும் தொண்டர்கள், ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடப்பவர்கள், பாதிப்பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

ஆகவே, இவர்கள் தங்களுக்குள் எங்கே பேசிக்கொள்வது என்பதே பெரும் பிரச்சினை. பாதிப் பேச்சு வாட்ஸ்அப்பில், பாதி மின்னஞ்சலில், பாதி இணையத்தில் இருக்கும் பொது மன்றத்தில். மூன்று பாதி எப்படி என்று கேட்காதீர்கள், நிலைமை அப்படி.

சென்ற மாதம் அதற்கு விலை கொடுத்தார்கள். மணி வீணாக அடிக்கிறது என்று பொந்தியானில் இருக்கும் மதிவாணனும் லோஷினியும் தனிச்செய்தியில் இரண்டே வரி பேசி, மணி அடிக்கும் அளவைக் கொஞ்சம் உயர்த்திவிட்டார்கள். வேறு யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. பெக்கோக்கில் பாலத்தடியில் படமெடுக்கும் அர்ச்சுனனுக்கு அது தெரியாது. மணி அடிக்கவில்லையே என்று நம்பி, “ஒண்ணும் ஆகாது லா” என்று கடைக்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் கடைகளுக்குள் புகுந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அர்ச்சுனன் இன்னும் அந்தத் தெருப் பக்கம் தலைகாட்டுவதில்லை.

இனி ஒரே இடத்தில்தான் பேச்சு என்று முடிவாயிற்று. எந்த இடம் என்பதில்தான் சண்டை.

மதிவாணன் வேகக்காரர். மூடிய குழு ஒன்று, வாரம் ஒரு குரல் கூட்டம், தீர்ந்தது என்றார். குமிழ் மறுத்தார்.

குமிழ் யார் என்று யாருக்கும் தெரியாது. அது புனைபெயர். சில மாதங்களுக்கு முன்பு எங்கிருந்தோ வந்து, பயனர்களின் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் எழுத ஆரம்பித்தவர். ஒரே கேள்வியைப் பத்துப்பேர் கேட்டாலும் பத்துப்பேருக்கும் முகம் சுளிக்காமல் பதில் வரும். நம்பி, மணி அடிக்கும் உரிமையையும் கொடுத்திருந்தார்கள். யாரோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மூக்குக்கண்ணாடி போட்டவர், என்று லோஷினி தனக்குள் ஓர் உருவம் வரைந்து வைத்திருந்தாள்.

அந்தக் குமிழ்தான் மன்றத்தில் இப்படி எழுதினார்: ‘வேகமாகச் சொல்வதைவிட எல்லாருக்கும் சொல்வது முக்கியம். முடிவுகள் பொது இடத்தில் இருக்கட்டும், பின்னால் வருகிறவரும் தேடிப் படிக்கட்டும். நடுவில் ஓர் ஆளை நம்பி அனுப்பும் சேதி, அந்த ஆளுடைய பயத்தையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு போகும்.’

லோஷினிக்குக் கோபம் வந்தது. தனிச்செய்தியில் முடிவெடுத்தவள் அவள்தானே, சுட்டது. மதிவாணன் பக்கம் சாய்ந்தாள். சாய்ந்ததோடு நிற்காமல் ஒரு விதியும் போட்டாள். இன்று மூன்று மணிக்குக் குரல் கூட்டம். அதில் வந்து ஒரு வார்த்தையாவது பேசாதவருக்கு மணி அடிக்கும் உரிமை இனி இல்லை.

விதி எல்லோருக்கும் என்றாலும், குறி ஒருவருக்குத்தான். அது அவளுக்கே தெரியும். தெரிந்ததால்தான் கை தலையிலிருந்து இறங்கவில்லை. இந்த எட்டு மாதத்தில் அவள் மனம்விட்டு எழுதிய ஒரே ஆள் குமிழ். வேலை விஷயமாகத் தொடங்கி, வீட்டு விஷயம்வரை தனிச்செய்தியில் கொட்டியிருக்கிறாள். இன்று அந்த ஆளையே வெளியே அனுப்பப் போகிறாள்.

மூன்று மணிக்குப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுந்தன. மதிவாணன், அர்ச்சுனன், சிங்கப்பூரிலிருந்து ஷாமளா, இன்னும் சிலர். கடைசியில், யாரும் எதிர்பாராமல், குமிழ்.

பெயர் வந்ததே தவிரக் குரல் வரவில்லை. மைக்கை மூடிவைத்திருந்தார்.

“வணக்கம் குமிழ். ஒரு வார்த்தை பேசுங்களேன்” என்றார் மதிவாணன்.

‘தட்டச்சு செய்கிறேனே. அது போதாதா?’ என்று எழுத்தில் பதில் வந்தது.

“ஆள் யாருன்னே தெரியாம எப்படிங்க மணிய கையில குடுக்குறது? ஒரு ஹலோ சொன்னா முடிஞ்சிது” என்றார் மதிவாணன்.

“அவரு இத்தனை மாசமா ஒழுங்காத்தானே செய்றாரு” என்று அர்ச்சுனன் இழுத்தார். “அன்னிக்கு எனக்கு ஒருத்தரும் சொல்லல. சொல்லியிருக்கணும்னு மன்றத்துல எழுதினது அவரு ஒருத்தருதான்.”

லோஷினி வாயைத் திறக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து அம்மா ஒரு தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மழைக்குச் சூடாகப் பீசாங் கோரெங், வாழைப்பழம் பொன்னிறமாகப் பொரிந்திருந்தது.

மடிக்கணினி ஊளையிட்டது.

கோயில் திருவிழாவில் பாடுகிறவர் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே கொண்டுபோனால் வருமே, கீ என்று காதைக் கிழிக்கும் சத்தம், அதேதான். லோஷினி காதைப் பொத்தினாள். அம்மா பயந்துபோய் அடுப்படிக்கு நடந்தாள். சத்தம் தேய்ந்து நின்றது.

“அலமாக், என்ன அது?” என்றாள் ஷாமளா. “யாரோ ஒரே இடத்துல ரெண்டு மிஷின் திறந்து வெச்சிருக்கீங்க.”

“எல்லாரும் மைக்கை மூடுங்க” என்றாள் லோஷினி. தன்னுடையதையும் மூடினாள். திரையில் ஒவ்வொரு மைக்காகச் சிவந்தது. ஒன்று மட்டும் பச்சை.

குமிழின் மைக்.

கை தவறிப் பட்டிருக்க வேண்டும். மடிக்கணினியின் ஸ்பீக்கரில் இப்போது குமிழ் இருக்கும் இடத்தின் சத்தம் மட்டும் வந்தது. அங்கேயும் மழை. தகரக் கூரையில் விழும் மழை. எண்ணெய் கொதிக்கும் சத்தம். கரண்டி சட்டியில் தட்டும் சத்தம், இரண்டு தடவை.

பின்னாலிருந்து, வீட்டு அடுப்படியிலிருந்து, அதே கரண்டி அதே இரண்டு தடவை தட்டியது.

சே, இருக்காது என்று லோஷினி நினைத்தாள். அதற்குள் அம்மா தேநீர்க் கோப்பையோடு மறுபடி வந்தாள். ஒரு கை கோப்பையில், இன்னொரு கை சட்டைப் பையை மேலே அழுத்திக்கொண்டு. மேசையை நெருங்க நெருங்க ஊளை எழும்பியது. அம்மா நின்றாள். ஒரு எட்டு பின்னால் வைத்தாள். ஊளை இறங்கியது.

அம்மாவுக்குப் புரியவில்லை. மகளுக்குப் புரிந்துவிட்டது.

கோப்பையை அங்கேயே அலமாரிமேல் வைத்துவிட்டு அம்மா விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள். லோஷினி எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது. அதை எடுக்கத் தோன்றாமல் பின்னாலேயே போய், அடுப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நின்றாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஜிங்க் கூரையில் மழை கொட்டியது.

“அம்மா, உங்க போனைக் காட்டுங்க.”

“எதுக்கு?”

“காட்டுங்கம்மா!”

அம்மா போனை எடுத்து அரிசிப் பானைமேல் வைத்தாள். திரையில் மதிவாணன், அர்ச்சுனன், ஷாமளா. அடியில் ஒரு பெயர், குமிழ். மகளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு, கூடத்து மடிக்கணினியிலிருந்து காதில் விழுந்ததற்கே பதில் தட்டியிருந்தாள். மைக் என்று ஒன்று தனியாக இருப்பதை அவள் நினைக்கவில்லை.

லோஷினி அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியரும் மூக்குக்கண்ணாடியும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. அதிர்ச்சியில் அவளுக்கு முதலில் வந்தது அழுகையல்ல, ஒரு முட்டாள்தனமான கேள்வி.

“நீங்க எப்படிம்மா?”

“நீ எந்நேரமும் அதுக்குள்ளதானே இருக்க. உன்னப் பார்க்கணும்னா நானும் அங்க வரணும்” என்றாள் அம்மா. அடுப்பைக் குறைத்தாள். “எழுத்த எப்படி பெருசாக்குறதுன்னு மொதல்ல வீட்டுல கேட்டேன். அப்புறம்மான்னு போய்ட்ட. மறுநாள் குமிழ்னு பேரு வெச்சு அங்க கேட்டேன். வணக்கம் குமிழ், கேட்டதுக்கு ரொம்ப நன்றின்னு ஆரம்பிச்சு ஒரு பக்கத்துக்கு எழுதின. என்கிட்ட நீ அவ்வளவு மரியாதையா பேசினதே இல்ல லோஷி.”

லோஷினிக்கு இப்போதுதான் இரண்டாவது இடி இறங்கியது. தனிச்செய்திகள். குமிழுக்கு எழுதியதெல்லாம் வரிவரியாக நினைவுக்கு வந்தது. ‘என் அம்மா ஒரு தபால்பெட்டி. யார் எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்வார்கள். அவர்களுக்கென்று சொந்தமாக ஒரு பேச்சே கிடையாது.’

அதற்குக் குமிழின் பதிலும் நினைவுக்கு வந்தது. ‘இதை அவர்களிடமே சொன்னீர்களா?’

“நான் உங்களப் பத்தி எழுதினது...”

“படிச்சேன்.”

“சத்தியமா தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா...”

“தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்ட. அதான் நானும் சொல்லல.” அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். குரல் கொஞ்சம் உடைந்தது. “தப்பா ஒண்ணும் எழுதலையே. ஆனா தபால்பெட்டி போட்டதைத் தனக்குன்னு வெச்சிக்காது. நான் வெச்சிக்கிட்டேன்.”

“என்னத்த?”

சட்டியில் பழம் கருகிக்கொண்டிருந்தது. எப்போதும் எதையும் கருக விடாத அம்மா, பார்த்துக்கொண்டே நின்றாள்.

“என்னத்தம்மா வெச்சிக்கிட்டீங்க?”

“பரிசம் முடிஞ்ச மறுநாள் உங்கப்பா கூப்பிட்டாரு. சபையில அப்படி பேசியிருக்கக் கூடாது, தப்பு என்மேலதான், அவகிட்ட சொல்லு, ராத்திரிக்கு ஒண்ணா ஒக்காந்து சாப்பிடலாம்னு வரச் சொல்லுன்னாரு.”

மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று லோஷினி நினைத்தாள். சரியாகத்தான் கேட்டிருந்தது.

“அப்பாவா? அப்பா சொன்னாரா?”

“உன் ரூமுக்குத்தான் வந்தேன். நான் வாயத் திறக்குறதுக்குள்ள நீ கத்தின. அவரு மன்னிப்பே கேட்டாலும் நான் பேசமாட்டேன்னு. ஞாபகம் இருக்கா?”

இருந்தது.

“அதக் கொண்டு போய் அவருகிட்ட எப்படி லா சொல்வேன்? அந்த மனுஷன் வாழ்நாள்ல யாருகிட்டயும் தப்புன்னு சொன்னவரு இல்ல. சொன்ன மொத தடவையே வேணாம்னு திரும்பி வந்தா தாங்க மாட்டாரு. உன் கோவம் தணியட்டும், நல்ல நாளா பார்த்து சொல்லலாம்னு இருந்தேன். ஒரு வாரம் போச்சு. ரெண்டு வாரம் போச்சு. அப்புறம் சொல்லணும்னா, ஏன் இவ்வளவு நாளா சொல்லலன்னு கேப்பீங்களே. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அப்படியே கெடந்துடுச்சு.”

“அப்பா கேக்கலையா?”

“மொதல்ல ரெண்டு தடவ கேட்டாரு. சொல்றேங்கன்னேன். அப்புறம் கேக்கல. நீ வேணாம்னுட்டன்னு நெனச்சிக்கிட்டாரு.” முந்தானை இல்லாததால் அம்மா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். “அன்னிலருந்துதான் தட்ட ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போயி சாப்பிடுறாரு.”

எட்டு மாதமாக அந்தத் தட்டைப் பார்த்து லோஷினி கொதித்திருக்கிறாள். திமிர் என்று குமிழுக்கே எழுதியிருக்கிறாள். இப்போது அம்மாமேல் ஆத்திரம் பொங்கியது. அதைக் கொட்டவும் முடியவில்லை. கொட்டினால் அதையும் இவள்தானே எங்கேயாவது கொண்டுபோய் ஒளித்து வைப்பாள்.

“மன்றத்துல எழுதினீங்களே” என்றாள் கடைசியில். “நடுவுல ஓர் ஆளை நம்பி அனுப்புற சேதின்னு...”

“எனக்கு வேற என்ன தெரியும்? தெரிஞ்சதத்தான் எழுதினேன். அந்த அர்ச்சுனன் சங்கதியப் படிச்சப்ப எனக்கு உங்கப்பாவப் பார்த்த மாதிரியே இருந்துச்சு.” அம்மா போனைக் காட்டினாள். “குமிழ எடுத்துடு லோஷி. உன் சட்டப்படி குரல் குடுக்காதவங்க இருக்கக் கூடாது.”

குரல் கொடுக்காமல் எங்கே? அரிசிப் பானைமேல் இருந்த போனில் அந்தப் பச்சை மைக் எரிந்துகொண்டேதான் இருந்தது. அம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் பொந்தியானுக்குப் போனது, பெக்கோக்குக்குப் போனது, சிங்கப்பூருக்குப் போனது. அவர்களெல்லாம் மைக்கைத் திறந்து கத்திப் பார்த்தார்கள். ஒலி குறைந்த போனில் எப்படிக் கேட்கும்?

வேறோர் இடத்தில் கேட்டது. கூடத்து மேசையில் திறந்து கிடந்த மடிக்கணினியில் எல்லாமே கேட்டது, அம்மாவின் குரலும் சேர்த்து.

மேசை காலியாகிவிட்டதா என்று பார்க்க அந்நேரம் வெளியே வந்தவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அடுப்படியில் முதலில் மெல்லிய ரீங்காரம் ஒன்று எழுந்தது. கொசு என்று நினைத்தாள் அம்மா. அது வளர்ந்தது. கதவு திறக்கத் திறக்க, கீ என்று அந்த ஊளை அடுப்படியை நிறைத்தது. பாத்திரங்கள் அதிர்ந்தன.

அப்பா நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையிலும் மடிக்கணினி, குழந்தையை ஏந்துவதுபோல். எதை அமுக்கினால் அது வாயை மூடும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஊளைக்கு நடுவே, “அங்கிள்! மைக் ஆன்ல இருக்கு அங்கிள்!” என்று மதிவாணன் அலறுவது விட்டுவிட்டுக் கேட்டது.

லோஷினி பாய்ந்து போய் மடிக்கணினியை மூடினாள். ஒரு நொடியில் மழை மட்டும்தான் மிச்சம்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அப்பாவும் மகளும் ஓர் அடி இடைவெளியில் நின்றார்கள். அவருக்கு இவ்வளவு நரை எப்போது வந்தது என்று லோஷினிக்குத் தெரியவில்லை. அப்பா என்று கூப்பிட நினைத்தாள். அவர் முந்திக்கொண்டார்.

“ஒனக்குத் தெரியவே தெரியாதா லோஷி?”

தெரியாதென்று அவள் தலையை ஆட்டினாள். கண்ணீர் தாரையாக இறங்கியது.

“நீ வேணாம்னுட்டன்னு நெனச்சேன்மா” என்றார். “பொம்பளப் புள்ளைக்கு அவ்வளவு வீம்பு இருக்காதேன்னு தெனம் ராத்திரி கதவ சாத்தாம உட்கார்ந்திருந்தேன்.”

அம்மா ஒரு எட்டு முன்னால் வந்தாள். “ஏங்க...”

அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. முகம் இறுகியது. மகளைப் பார்த்தபடி, மகளிடமே சொன்னார்.

“உங்கம்மாகிட்ட சொல்லிடு. இனி எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்ல.”

சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

லோஷினி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கைநீட்டினால் தொடும் தூரம்தான். எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் அம்மா அசையவில்லை. சேதி வந்து சேரட்டும் என்று காத்திருப்பவளைப்போல, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.